மெர்சிங் கடலோரம், கஹாங் ஆத்தங்கரை: காசில்லாம டெண்ட் போட முடியுமா?

மலேசியா, ஜொகூர் மாநிலத்து குளுவாங் தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு. ஆறு பசங்க, ரெண்டு காடி (காருதான்), மூணு நாள் லீவு. கேம்ப்சைட்ல தலைக்கு இவ்ளோ, காடிக்கு இவ்ளோ, டெண்டுக்கு இவ்ளோன்னு கேக்குறாங்க, அதெல்லாம் குடுக்க மனசு இல்ல, மெர்சிங் பக்கம் பாறையா இருக்கிற கடலோரத்துல ஒரு ராத்திரி, திரும்பி வர்ற வழியில காட்டாத்து பக்கம் ஒரு ராத்திரி, சும்மா டெண்ட் போட்டு படுத்துக்கலாமா, யாராச்சும் பிடிப்பாங்களான்னு.

படுக்கலாம் தம்பி. நான் இருவது வருஷத்துக்கு மேல அப்படித்தான் படுத்திட்டு வர்றேன். ஆனா காசு குடுக்காம தங்குறது வேற, கேக்காம தங்குறது வேற. யூடியூப்ல அமெரிக்காக்காரன் காடிய காட்டுக்குள்ள விட்டு ஆத்தோரமா டெண்ட் போட்டு முட்டை பொரிக்கிறான் பாருங்க, அங்க நேஷனல் ஃபாரஸ்ட்டுன்னு சொல்ற அரசாங்க காட்டுல நெறைய எடத்துல 14 நாள் வரைக்கும் காசு கட்டாம தங்கிக்கலாம்னு ரூல்ஸே இருக்கு. நம்ம நாட்டுல அப்படி பொதுவா ஒண்ணும் கெடையாது. இங்க எந்த மண்ணுக்கும் ஒரு ஆள் இருக்கான், ஒண்ணு காட்டிலாகா, இல்ல எஸ்டேட் தோட்டம், இல்ல கம்போங்னு சொல்ற கிராமத்துக்காரர், அதுவும் இல்லன்னா கவர்மெண்ட். அதனால மேப்ப வச்சிக்கிட்டு எடம் தேடறதுக்கு முன்னாடி அந்த எடத்துக்கு யாரு பொறுப்புன்னு தேடுங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சிரும்.

மொதல்ல காடு. கஹாங் தாண்டி ஜெமாலுவாங் வரைக்கும் ரோட்டுக்கு அந்தாண்ட பச்சையா தெரியுதே, அதுல பாதி செம்பனை (எண்ணெய்ப் பனை), மீதியில பெரும்பகுதி ஹுத்தான் சிம்பான், அதாவது அரசாங்கம் ஒதுக்கி வச்ச காடு. ரோட்டோரம் காட்டிலாகா போர்டு நட்டிருப்பாங்க, அதத் தாண்டி பெர்மிட் இல்லாம உள்ள போனா 1984 காட்டுச் சட்டம் 47வது பிரிவுல 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்லாட்டி மூணு வருஷம் வரைக்கும் உள்ள, இல்லாட்டி ரெண்டும். சும்மா குளிக்கத்தான் போனோம்னு சொன்னா எடுபடாது. பெர்மிட் சின்ன காசுதான், குளுவாங்லயே காட்டிலாகா ஆபீஸ் இருக்கு, என்ன, லீவுக்கு மொத நாள் சாயங்காலம் போயி நின்னா கெடைக்காது, முன்னாடியே கேக்கணும். மலை ஏறணும்னா கைடு கூட வரணும்னு சொல்வாங்க, அது தனி செலவு. பெலுமுட் மலை அடிவாரத்துல ஆத்தோரம் அவங்களே வச்சிருக்கிற எடம் இருக்கு, தண்ணி கண்ணாடி மாதிரி, ஆனா போறதுக்கு முன்னாடி தொறந்திருக்கான்னு விசாரிச்சிட்டு போங்க.

எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்கா பத்தி கேப்பீங்கன்னு தெரியும். அது ஃப்ரீ இல்ல. கஹாங்ல இருந்து கம்போங் பெத்தா வரைக்கும் 56 கிலோமீட்டர், ஃபோர்வீல் காடி வேணும், பார்க்குக்கு பெர்மிட், கைடு எல்லாம் வேணும், வருஷக் கடைசி மழைக்காலத்துல மூடிருவாங்க. உபே குலிங் அருவியில பாறையில தண்ணி குடைஞ்ச குழிங்கள பாக்கறதுக்காவது வாழ்க்கையில ஒரு தடவ காசு குடுத்து போங்க. உங்க மூணு நாள் ட்ரிப்புக்கு அது ஒத்து வராது.

அப்ப நெசமா காசில்லாம எங்க தங்குறது? என்னோட அனுபவத்துல மூணு மாதிரி எடம். கம்போங் ஒட்டின கடற்கரை, தோட்டத்து எல்லையில ஓடுற ஆறு, அப்புறம் டூசுன். இந்த டூசுன் விஷயம் நெறைய பேருக்கு தெரியாது. டூரியான், டுக்கு, ரம்புத்தான் போட்ட பழத்தோட்டம், பின்னாடி சின்ன ஆறு, நடுவுல ஒரு பொண்டோக், சின்ன குடிசை. சொந்தக்காரர் மலாய்க்கார பெரியவரா இருப்பாரு, இல்ல ஓராங் அஸ்லின்னு சொல்ற பூர்வகுடிக்காரரா இருப்பாரு. ரோட்டோரம் பழம் விக்கிற எடத்துல நிறுத்தி, மொதல்ல பழம் வாங்கி சாப்டுட்டு, மெதுவா பேச்சுக் குடுத்து, பாக்சிக் (மாமா), பின்னாடி ஆத்தோரம் ஒரு ராத்திரி டெண்ட் போட்டுக்கலாமா, குப்பை போட மாட்டோம், காலையில போயிருவோம்னு கேட்டா பத்துல ஏழு பேரு சரின்னுருவாங்க. ஒருத்தரு எங்களுக்கு பொண்டோக் சாவியையே குடுத்தாரு. ஓராங் அஸ்லி கம்போங்னா அவங்க தலைவர் தோக் பத்தின பாத்து ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் அடுத்த வேலை. போகும்போது ரெண்டு பாக்கெட் சீனி, கோப்பித் தூளு எடுத்துட்டு போங்க, காச நீட்டாதீங்க, அவங்களுக்கே சங்கடமா இருக்கும். ஆனா டூரியான் சீசன்ல மரத்துக்கு அடியில டெண்ட் போட்டா அது உங்க தலையெழுத்து.

தோட்டத்து ஆறுன்னா மேனேஜர் ஆபீஸ்ல கேக்கணும். நான் பொறந்ததே தோட்டத்துலதான், அப்பா ரப்பர் பால் வெட்டு, அம்மா மருந்து அடிக்கிற கேங், அந்த தெம்புல நம்ம எடம்தானேன்னு கல்யாணம் ஆன புதுசுல மச்சானுங்க நாலு பேரோட ஒரு தோட்டத்து ஆத்தோரம் கேக்காம போயி டெண்ட் போட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு காவல்கார ஜாகா மோட்டார்ல வந்து டார்ச் அடிக்கிறாரு, பின்னாடியே ஒரு பிக்கப்பு. செம்பனை பழம் திருட வந்த கூட்டம்னு நெனச்சிட்டாங்க! அந்த மாசம் ரெண்டு தடவ திருட்டு போயிருந்துச்சாம். நான் பேசுற தமிழ கேட்டுட்டு ஜாகா கொஞ்சம் எறங்கி வந்தாரு, உங்கப்பா பேரு என்னான்னு கேட்டாரு, தெரிஞ்சவரா போயிட்டாரு, இருந்தாலும் அந்த இருட்டுல டெண்டெல்லாம் கழட்டி ஒரு மணிக்கு வீடு வந்து சேந்தோம். பொண்டாட்டி கதவ தொறந்துட்டு ஒண்ணும் கேக்கல, சிரிச்சா. அதுக்கப்புறம் காலையில எட்டு மணிக்கு ஆபீஸ்ல போயி கிராணிகிட்ட காடி நம்பர், ஐசி நம்பர் எழுதிக் குடுத்துட்டுத்தான் போவேன். ஒரு தடவ முடியாதுன்னாங்க, அவ்ளோதான், வேற எடம் போனோம்.

இந்த தோட்டத்து தண்ணி பத்தி ஒண்ணு சொல்லணும், இது எந்த கேம்பிங் வீடியோலயும் வராது. தோட்டத்து ஆத்து தண்ணிய கொதிக்க வச்சி குடிச்சா போதும்னு நெனைக்காதீங்க. கொதிக்க வச்சா கிருமி சாகும், களக்கொல்லியும் உரமும் எங்க போகும்? எங்கம்மா முதுகுல மருந்து தோம்ப மாட்டிக்கிட்டு பாராகுவாட்ங்கிற களக்கொல்லி அடிச்சவங்க, மூக்குல துணி கட்டிக்கிட்டு, கை நகமெல்லாம் நெறம் மாறி கெடக்கும், சாயங்காலம் அந்த தோம்ப கழுவுறது பார்த்த்னு சொல்ற வாய்க்கால்ல, அந்த பார்த்த் போயி விழறது ஆத்துல. பாராகுவாட்ட 2020 ஜனவரி 1ல இருந்து நம்ம நாட்டுல தடை பண்ணிட்டாங்க, அதுக்கு பதிலா வேற மருந்து ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அதனால ஆறு தோட்டத்துக்குள்ள நொழையறதுக்கு மேல, காட்டுப் பக்கம் இருந்து வர்ற தண்ணின்னா கொதிக்க வச்சி குடிக்கலாம். தோட்டத்த தாண்டி கீழ வந்த தண்ணி, அதுவும் மருந்து அடிச்ச வாரத்துல மழை பேஞ்சிருந்தா, சட்டி கழுவக் கூட நான் எடுக்க மாட்டேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் கணக்கு போட்டு வீட்ல இருந்தே தண்ணி தோங்ல (பெரிய கேன்ல) புடிச்சிட்டு போயிருங்க, காடிதான் இருக்கே.

கடலுக்கு வருவோம். மெர்சிங்க்கு வடக்க ஆயிர் பாப்பான் அகலமான கடற்கரை, சவுக்கு மரம் வரிசையா நிக்கும், லீவு நாள்னா பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) மாதிரி கூட்டம். இன்னும் மேல தஞ்சோங் ரெசாங், பென்யாபோங் பக்கம் போனீங்கன்னா நீங்க கேட்ட மாதிரி பாறை, சின்ன சின்ன தெலுக் (குடா), கூட்டம் கம்மி. எல்லா எடமும் ஃப்ரீ இல்ல, ரிசார்ட்டு முன்னாடி இருக்கிறது ஒரு கணக்கு, கம்போங் முன்னாடி இருக்கிறது ஒரு கணக்கு. கம்போங் கடையில தெ ஓ குடிச்சிட்டு கெத்துவா கம்போங் (கிராமத் தலைவர்) வீடு எதுன்னு கேட்டீங்கன்னா வேலை முடிஞ்சிரும். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அந்தப் பக்கமே தலை வச்சி படுக்காதீங்க, வடகிழக்கு மொன்சூன், கடலு கரைய தின்னுட்டு இருக்கும், குளுவாங்ல வெயிலு அடிச்சாலும் மெர்சிங்ல வேற கதை. நான் போறது ஏப்ரலுக்கு அப்புறம், செப்டம்பருக்குள்ள. அப்பவும் விடிகாலையில சுமாத்ரா காத்துன்னு ஒண்ணு மேற்க இருந்து திடீர்னு வரும், அரை மணி நேரம் பேயாட்டம் ஆடிட்டு போயிரும், டெண்ட்ட நல்லா கட்டாதவன் அன்னைக்கு தெரிஞ்சிக்குவான்.

கடற்கரையில டெண்ட் எங்க போடறதுங்கறதுக்கு ஒரு கோடு இருக்கு. மணல்ல காஞ்ச பாசி, குச்சி, தேங்கா மட்டை, ப்ளாஸ்டிக் போத்தல், ஒத்த செருப்பு எல்லாம் வரிசையா ஒதுங்கி கெடக்கும் பாருங்க, கடைசியா தண்ணி ஏறுன எடம் அது. சில நேரம் ரெண்டு கோடு இருக்கும், கீழ ஈரமா ஒண்ணு, மேல காஞ்சி வெளுத்துப் போயி ஒண்ணு. கீழ இருக்கிறது நேத்து ராத்திரி, மேல இருக்கிறது பௌர்ணமி அமாவாசைக்கு ஏறுனது. மேல் கோட்டுக்கும் மேல, புல்லு மொளைச்சிருக்கிற மணல்லதான் டெண்ட். இத நான் எப்படி கத்துக்கிட்டேன்னா, ஒரு பாறைக்கு பக்கத்துல காத்து அடிக்காத சின்ன மணல் திட்டு, மூணு பக்கம் பாறை, அம்சமா இருந்துச்சு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு பாத்தா கடல் அம்பது அடி தள்ளி நின்னுச்சு. அன்னைக்கு பௌர்ணமி, நெலா வெளிச்சத்துல சோறாக்கி சாப்டோம், அது ஒரு சந்தோஷம். ராத்திரி ரெண்டு மணிக்கு முதுகு ஜில்லுன்னுது. எந்திரிச்சி ஜிப்ப தொறக்குறேன், தண்ணி டெண்டு வாசல்ல நிக்குது, ஐஸ் பெட்டி மெதந்து போயிக்கிட்டு இருக்கு, என்னோட ஒரு பக்கத்து சப்பாத்து இன்னைக்கு வரைக்கும் கெடைக்கல. மூணு பக்கம் பாறைன்னா வெளிய போற வழியும் தண்ணி பக்கம்தான்னு அப்பத்தான் ஒறைச்சுது. இடுப்பு தண்ணியில நடந்து வந்தோம். அலை பெருசா இருந்திருந்தா இத எழுத ஆள் இருந்திருக்காது.

தண்ணி ஏறுற நேரம் போன்லயே பாக்கலாம், ஒவ்வொரு நாளும் அம்பது நிமிஷம் போல தள்ளிப் போகும். பூலாவ் மாவார்னு கரைக்கு பக்கத்துல ஒரு சின்ன தீவு, தண்ணி வத்துனா மணல்லயே நடந்து போயிரலாம், படம் எடுக்க அழகா இருக்கும், ஆனா திரும்பி வர்ற நேரத்த மறந்துட்டீங்கன்னா அடுத்த வத்தம் வரைக்கும் அங்கதான். தெங்கா, ராவா, சீபு, திங்கி மாதிரி வெளித் தீவுங்க எல்லாம் மரைன் பார்க், அது வேற சட்டம், ஃப்ரீ கேம்பிங் கணக்குல சேக்காதீங்க. தென்னை மரத்துக்கு அடியில டெண்ட் வேணாம். சவுக்கு மரம் தேவல, மேல காஞ்ச கெளை இருக்கான்னு அண்ணாந்து பாத்துட்டு போடுங்க. பால்மரம், அதான் ரப்பர் மரம், பழசுன்னா அதுவும் ஆபத்து, கெளை சும்மாவே முறியும்.

அலையாத்தி காடு பக்கத்துல இருந்தா ஆகாஸ் கடிக்கும். கொசுவ விட சின்னது, சாதாரண கொசு வலைக்குள்ள நொழைஞ்சிரும், கடிச்ச எடம் ஒரு வாரம் அரிக்கும். பொழுது சாயறப்பவும் விடியறப்பவும்தான் ஜாஸ்தி, கை கால் மூடுன சட்டை போடுங்க. சொறி மீன் கொட்டுனா கைல தேய்க்காதீங்க, சுக்கா (வினிகர்) ஊத்துங்க, அதுக்காகவே ஒரு போத்தல் என் பெட்டியில கெடக்கும். ஆறு கடல்ல சேர்ற எடத்துல குளிக்கவே குளிக்காதீங்க, நீரோட்டம் ஒரு பக்கம், மொதலை இன்னொரு பக்கம்.

இப்ப ஆறு. எனக்கு கடல விட ஆத்துமேலதான் பயம், கடல் ஏறுற நேரம் அட்டவணையில இருக்கு, ஆறு ஏறுற நேரம் எதுலயும் இல்ல. கெபாலா ஆயிர்னு மலாய்ல சொல்றாங்களே, மலையில எங்கயோ பேஞ்ச மழை ஒரே சுவரா எறங்கி வர்றது, உங்க தலைக்கு மேல ஒரு சொட்டு விழுந்திருக்காது. 2021 ஆகஸ்ட் 18ல கெடாவுல ஜெராய் மலையில இருந்து எறங்குன தண்ணி மரத்தையும் பாறையையும் சேத்து இழுத்துட்டு வந்துச்சு, யான் பக்கமும் மெர்போக் பக்கமும் அழிச்சிருச்சு, உயிரும் போச்சு. அடுத்த வருஷம் டிசம்பர் 16ல பத்தாங் காலியில நடந்தது எல்லாருக்கும் தெரியும், விடிகாலையில டெண்டுல தூங்கிட்டு இருந்தவங்க மேல மண்ணு சரிஞ்சி 31 பேரு எறந்துட்டாங்க. காசு கட்டித் தங்குனவங்க தம்பி அவங்க. அதனால காசு கட்டுனா பாதுகாப்பு, கட்டாட்டி ஆபத்துன்னு நான் சொல்ல வரல, சரிவுக்கு அடியிலயும் ஆத்துப் படுகையிலயும் யாரு படுத்தாலும் ஒண்ணுதான். அதுக்கப்புறம் ஆத்தோரம், மலையோரம்னாலே ஆபீஸ்ல கண்டிப்பு கூடிருச்சு, முடியாதுன்னு சொன்னா கோவப்படாதீங்க.

ஆத்து நடுவுல மணல் திட்டு இருக்கும், வழவழன்னு சமமா, டெண்ட் போடவே செஞ்ச மாதிரி. அது ஆத்தோட படுக்கை, அவசரத்துக்கு அது வந்து படுத்துக்கும். கரையில நிக்கிற மரத்த பாருங்க, கெளையில காஞ்ச புல்லு, ப்ளாஸ்டிக் பை சிக்கி தொங்கும், போன வெள்ளம் எவ்ளோ ஒசரம் வந்துச்சுன்னு அங்கயே தெரியும். நான் ஒரு தடவ அப்படி ஒரு பைய அண்ணாந்து பாத்தேன், என் ஒசரத்துக்கு மேல இன்னொரு ஆள் நின்னா தொடுற எடத்துல இருந்துச்சு. அந்த அளவுக்கும் மேல ஏறித்தான் டெண்ட், தண்ணி சத்தம் கம்மியா கேட்டாலும் பரவால்ல. படுக்கறதுக்கு முன்னாடி தண்ணி ஓரத்துல ஒரு குச்சி நட்டு கத்தியால வெட்டு போட்டு வைங்க, ராத்திரி ஒண்ணுக்கு எந்திரிக்கிறவன் டார்ச் அடிச்சி பாத்துட்டு வரணும். தெளிஞ்ச தண்ணி தெ தாரேக் மாதிரி கலங்குனா, எல குச்சி நெறைய மெதந்து வந்தா, ஈர மண்ணு வாசன அடிச்சா, இல்ல லோரி வர்ற மாதிரி தூரத்துல சத்தம் கேட்டா, சாமான எடுக்க நிக்காதீங்க, மேல ஏறிருங்க. எப்பவும் காடி நிக்கிற பக்கத்துக் கரையில தங்குங்க, ஆத்த தாண்டி அந்தாண்ட போட்டா ராத்திரி மாட்டிக்குவீங்க. மேல மலையில கருப்பா இருந்தா அன்னைக்கு ஆத்து ப்ரோக்ராம் கேன்சல், வீட்டுக்கு வந்து படம் பாருங்க.

ஆத்துத் தண்ணியில இன்னொண்ணு எலிக் காய்ச்சல். 2010ல பஹாங் லுபோக் யூவுல ஒருத்தர் தண்ணியில மூழ்கிட்டாரு, தேடப் போனவங்கள்ல எட்டு பேரு எறந்துட்டாங்க, மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கிற கிருமியால வர்ற மெலியோய்டோசிஸ், அதோட சில பேருக்கு எலிக் காய்ச்சலும் சேந்து வந்துச்சு. கால்ல வெட்டுக் காயம் இருந்தா எறங்காதீங்க, தண்ணிய வாயில விடாதீங்க. போயிட்டு வந்து நாலு வாரத்துக்குள்ள காய்ச்சல் அடிச்சா க்ளினிக்ல ஆத்துல குளிச்சேன்னு மறக்காம சொல்லுங்க, இல்லாட்டி பெனடோல குடுத்து அனுப்பிருவாங்க.

யானை. குளுவாங் மெர்சிங் ரோட்டுல போர்ட பாத்திருப்பீங்க, அது அலங்காரத்துக்கு வச்சது இல்ல. காட்ட ஒட்டி செம்பனை புதுசா நட்ட எடம்னா அது அவங்களுக்கு கீரைத் தோட்டம், சாயங்காலமே வந்துருவாங்க. சாணி பாத்தீங்கன்னா, ஈரமா ஆவி பறந்தா பேச்சே இல்ல, கெளம்பிருங்க. காஞ்சி காளான் மொளைச்சிருந்தாலும் அது அவங்க நடக்குற பாதைதான், அதுல டெண்ட் வேணாம். வாழப்பழம், அரிசி, உப்பு எதையும் டெண்டுக்குள்ள வைக்காதீங்க, காடிக்குள்ள பூட்டுங்க. ராத்திரி அந்த ரோட்டுல மெதுவா போங்க, கருப்பு ரோட்டுல கருப்பு யானை நின்னா லைட்டுல கால்தான் தெரியும். அட்டைக்கு பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, கடிக்கும், குடிக்கும், விழுந்துரும்.

வெளிக்கு போறதுன்னா தண்ணியில இருந்து எழுவது தப்படி நடந்து தள்ளிப் போயி, ஒரு சாண் ஆழம் சங்குலால (மண்வெட்டி) தோண்டி மூடுங்க. குப்பை ஒரு துண்டு விடாதீங்க, முன்னாடி வந்தவன் போட்டதையும் சேத்து ஒரு பை எடுத்துட்டு வாங்க, அடுத்த தடவ அந்த பாக்சிக் உங்கள ஞாபகம் வச்சிருப்பாரு. நான் தங்குன நாலஞ்சு எடம் பின்னாடி வந்த பசங்க பீர் போத்தல் ஒடைச்சி போட்டதால கயிறு கட்டி மூடிட்டாங்க. எடத்த லொக்கேஷனோட ஃபேஸ்புக்ல போடறதும் அதே வேலைய செய்யும், அதனாலதான் எந்த டூசுன்னு இங்க நான் சொல்லல, கோச்சிக்காதீங்க.

சாமான் பத்தி ரொம்ப யோசிக்க வேணாம். டெண்ட் மலிவா இருந்தாலும் மேல ஒரு பெரிய ப்ளை ஷீட் கட்டுனா மழை தாங்கும், கயிறு நெறைய, பாராங் கத்தி ஒண்ணு, ரெண்டு கேஸ் தோங், ஆளுக்கு ஒரு ஹெட்லைட். ஒரு தடவ பூஜ்யம் டிகிரிக்கு உண்டான ஸ்லீப்பிங் பேக் வாங்கிட்டு வந்த பையன் ராத்திரி பூரா வெளிய ஒக்காந்து விசிறிட்டு இருந்தான், நம்ம ஊருக்கு ஒரு சாரோங் போதும்.

நான் உங்க எடத்துல இருந்தா இப்படி போவேன். மொத நாள் காலையிலேயே கெளம்பி, கஹாங்ல பசியாறிட்டு, ரோட்டோரம் பழம் விக்கிறவர்கிட்ட ரெண்டாவது ராத்திரிக்கு பேசி வச்சிட்டு, மத்தியானத்துக்குள்ள பென்யாபோங் பக்கம் போயி சேந்துருவேன், வெளிச்சம் இருக்கும்போதே அந்த கோட்டப் பாக்கணும். ரெண்டாவது நாள் மெர்சிங் பாசார்ல மீனு வாங்கிட்டு திரும்பி, மூணு மணிக்கு முன்னாடி டூசுன். எங்க தங்குறோம், எப்ப வர்றோம்னு வீட்ல ஒருத்தர்கிட்ட எழுதிக் குடுத்துட்டு போங்க, உள்ள போன்ல லைன் இருக்காது. ப்ளை ஷீட் இல்லாட்டி என்கிட்ட ஒண்ணு இருக்கு, பத்தடிக்கு பன்னெண்டடி, ஒரு மூலையில கயிறு கட்டுற கண்ணு பிஞ்சிருக்கு, அந்த மூலையில மட்டும் ஒரு கல்ல உள்ள வச்சி முடிஞ்சி கட்டுனா நிக்கும். வேணும்னா கெளம்பறதுக்கு மொத நாள் வந்து எடுத்துக்குங்க, திரும்பி குடுக்கும்போது காய வச்சி குடுங்க.